79°60′: கடலூர்க் கடலோர வரைபடத்தில் கிரிட் கோடு போட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் முதுநகருக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமம். அங்கே சமுதாயக் கூடத்துச் சுவரில் நான் வரைந்த கடலோர வரைபடத்தை ஒட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய படகுக்காரர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். பால்பாயிண்ட் பேனாவில் இரண்டு எண்கள்: 11 38.400, 79 58.250.

“இந்த எடத்துல மூணு தடவை வலை மாட்டிக் கிழிஞ்சிருக்கு தம்பி. படத்துல எங்க வருதுன்னு பாப்போம்” என்றார்.

படத்தின் மேல் ஓரத்தில் 79.7, 79.8, 79.9, 80.0 என்று எழுதியிருந்தேன். அவர் தேடியது 79.58. அது 79.7-ஐவிடச் சின்ன எண் என்பதால் விரல் இடது பக்கம் நகர்ந்தது. படம் முடிந்தது, ஓரச் சட்டமும் முடிந்தது. விரல் சுண்ணாம்புச் சுவரில் அரைச் சாண் தள்ளிப் போய் நின்றது.

“இங்க சுவருதானே இருக்கு?”

அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. கையில் இருந்த எண்ணைப் படத்தில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டார், அவ்வளவுதான். பிழை முழுக்க என்னுடையது. அதைச் சரிசெய்யப் போய் இன்னும் இரண்டு பிழைகளைக் கண்டேன். அவை இதைவிடச் சின்னவை, அதனாலேயே இதைவிட ஆபத்தானவை. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அட்சரேகை, தீர்க்கரேகைக் கோடுகள், அதாவது கிரிட், போடுகிற யாருக்கும் இவை நேரலாம் என்பதால் நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

எதற்காக இந்தப் படம்

ஊரில் கிட்டத்தட்ட எல்லாப் படகிலும் ஜிபிஎஸ் உண்டு. போகும் வழி, பாரு (கடலடிப் பாறை) இருக்கும் இடம், வலை மாட்டும் இடம் எல்லாவற்றுக்கும் பாயிண்ட் போட்டு வைத்திருப்பார்கள். கருவி பழுதானால் நோட்டில் எழுதியது மட்டும் மிச்சம். நல்ல மீன் படும் இடத்தை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், மற்றவர்களும் கேட்பதில்லை. ஆனால் வலையைக் கிழிக்கும் இடம் எல்லோருக்கும் பொது. ஒருவர் வலை கிழிந்த இடத்தில் மறுவாரம் இன்னொருவர் வலை கிழிவதால் யாருக்கும் லாபம் இல்லை. அந்த இடங்களை மட்டும் ஒரே படத்தில் பென்சிலால் குறித்து வைக்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் நினைத்தார்கள். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆகவே இந்தப் படத்தின் உயிர் கிரிட் கோடுகளில் இருக்கிறது. கரையும் ஆறும் ஊர்ப்பெயரும் கண்ணுக்குப் பழகிய துணை, அவ்வளவே. கடலில் வேறு அடையாளம் கிடையாது. கோடு தவறினால் புள்ளி தவறும், புள்ளி தவறினால் வலை போகும்.

வடக்கே தாழங்குடாவிலிருந்து தெற்கே கொள்ளிடம் முகத்துவாரம் வரை கரை வரவேண்டும். கடல் பக்கம் சிறு படகுகள் வழக்கமாகப் போகிற தூரம் வரை வேண்டும். 11°20′ முதல் 11°50′ வரை, 79°40′ முதல் 80°-ஐத் தாண்டி ஒரு நிமிடம் வரை என்று எல்லை வகுத்தேன். நம் அட்சரேகையில் ஒரு நிமிட அட்சம் சுமார் 1.84 கி.மீ., ஒரு நிமிடத் தீர்க்கம் சுமார் 1.82 கி.மீ. 1:75,000 அளவில் 30 நிமிட அட்சம் 73.7 செ.மீ. உயரம் வரும், 21 நிமிடத் தீர்க்கம் 51 செ.மீ. அகலம் வரும். ஏ1 தாளில் ஓரத்துக்கும் குறிப்புக்கும் இடம் விட்டு அழகாக அடங்கும்.

முதல் படம்: விரல் ஏன் சுவருக்குப் போனது

ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். அந்தப் படகுக்காரரின் புள்ளியையே எடுத்துக்கொள்வோம். அவருடைய ஜிபிஎஸ் காட்டுவது டிகிரியும் தசம நிமிடமும்: 11°38.400′, 79°58.250′. கைப்பேசி வரைபடத்தில் அதே இடத்தை அழுத்தினால் 11.6400, 79.9708 என்று தசம டிகிரியில் வரும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை அறிவிக்கும்போது டிகிரி, நிமிடம், விநாடியில் கொடுக்கிறது. அந்த வகையில் எழுதினால் 11°38′24″, 79°58′15″.

மூன்றும் ஒரே தண்ணீர்தான். ஆனால் படகில் இருக்கும் எண்ணில் நிமிடக் குறியைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. 11 38, 79 58 என்றுதான் நோட்டில் இருக்கும். அதைத் தசம டிகிரியாகப் படித்தால் 11.38, 79.58. அது வீராணம் ஏரிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே உள்ள நிலம். கடலில் இருக்க வேண்டிய புள்ளி வயலில் விழுவதால் யாரும் உடனே கண்டுபிடித்துவிடலாம், அது ஒரு நன்மை.

எனக்குப் பயம் தந்தது அடுத்த குழப்பம். 38.40 என்பதை 38 நிமிடம் 40 விநாடி என்று படித்தால் என்ன ஆகும்? 0.40 நிமிடம் என்றால் 24 விநாடி. 40 விநாடி என்று எடுத்தால் 16 விநாடி கூடிப்போகும். தூரத்தில் அது கிட்டத்தட்ட அரை கி.மீ. புள்ளி கடலில்தான் இருக்கும், கரையிலிருந்தும் ஏறக்குறைய அதே தொலைவில் இருக்கும். பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராது. வலை கிழியும்போதுதான் தெரியும்.

நான் தசம டிகிரி போட்டதற்குக் காரணம் சோம்பல். கியூஜிஐஎஸ்ஸில் கிரிட்டைச் சேர்த்து டிரா கோஆர்டினேட்ஸ் என்ற பெட்டியை டிக் செய்தால் அது முதலில் தருவது தசம எண். அதையே விட்டுவிட்டேன். யார் கையில் எந்தக் கருவி இருக்கிறது என்று கேட்டிருந்தால் ஒரே நிமிட வேலை. இன்று எந்தக் கிரிட் வேலைக்கும் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான்: “உங்க ஜிபிஎஸ்ஸை ஆன் பண்ணிக் காட்டுங்க.”

அதே படத்தில் இன்னொரு குறையும் இருந்தது. பின்னணிக்கு இணையப் படம் ஒன்றைப் போட்டு வேலையைத் தொடங்கியதால் ப்ராஜெக்ட், இணையப் படங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் என்ற வரைபட முறைக்குப் போயிருந்தது. அந்த முறையில் நம் அட்சரேகையில் எல்லாமே சுமார் 2 சதவீதம் பெரிதாகக் காட்டப்படும். 55 கி.மீ. கரையில் ஒரு கி.மீ.க்கு மேல் வித்தியாசம். கிரிட் கோடுகள் அதற்கேற்ப விரிந்துகொள்வதால் கோடுகள் பொய் சொல்வதில்லை. ஆனால் ஸ்கேல் வைத்து அளப்பவர் ஏமாந்துபோவார்.

இரண்டாவது படம்: இல்லாத நிமிடமும் இரட்டைக் கோடும்

வீட்டுக்கு வந்து ப்ராஜெக்ட்டை யூடிஎம் என்ற, மீட்டரில் அளக்கும் வரைபட முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றினேன். 78° முதல் 84° வரை உள்ள பகுதிக்கு அதுதான் மண்டலம், கடலூர் அதற்குள் வருகிறது. பிரிண்ட் லேஅவுட்டில் படத்தைத் தேர்ந்தெடுத்து, ஐட்டம் பிராப்பர்ட்டீஸில் கிரிட்ஸ் பகுதிக்குப் போய்ப் பிளஸ் பொத்தானை இரண்டு முறை அழுத்தி இரண்டு கிரிட் உண்டாக்கினேன். ஒன்று 5 நிமிடத்துக்கு ஒரு தடித்த நீலக் கோடு, இன்னொன்று 1 நிமிடத்துக்கு ஒரு மெல்லிய சாம்பல் கோடு.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. கிரிட்டுக்கென்று தனியாக ஒரு சிஆர்எஸ் (எந்த ஆயத்தொலை முறை என்று சொல்லும்) பொத்தான் உண்டு. அதை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 (பட்டியலில் ஈபிஎஸ்ஜி 4326) என்று மாற்றாவிட்டால் இடைவெளி மீட்டரில் எடுத்துக்கொள்ளப்படும். ஓரத்தில் 366000 போன்ற ஆறு இலக்க எண்கள் வரும். ப்ராஜெக்ட் எந்த முறையில் இருந்தாலும் கிரிட் மட்டும் டிகிரியில் இருக்கலாம். இரண்டும் தனித்தனி.

இடைவெளியை டிகிரியில்தான் கொடுக்க வேண்டும். 5 நிமிடம் என்றால் 5/60, கால்குலேட்டரில் 0.083333. ஒரு நிமிடம் என்றால் 0.016667. இரண்டையும் அப்படியே தட்டினேன். எண்களின் வடிவத்துக்குக் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு சூத்திரம் எழுதினேன். கிரிட் நம்பர் என்ற மாறியில் கோட்டின் மதிப்பு வரும், கிரிட் ஆக்சிஸ் என்ற மாறியில் அது அட்சமா தீர்க்கமா என்பது வரும். முழு எண் பகுதியை டிகிரியாக எடுத்து, மீதியை 60-ஆல் பெருக்கி, கிட்டத்து முழு எண்ணாக்கி நிமிடமாக எழுதச் சொன்னேன். திரையில் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மறுபடி அச்சிட்டுக் கொண்டுபோய் ஒட்டினேன். இந்த முறை 11 38-ஐத் தேடிய விரல் தயங்காமல் 38-இல் போய் நின்றது. சந்தோஷமாக இருந்தது. அப்போது படகுக்காரரின் பேத்தி, ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண், படத்தின் வலது மேல் மூலையைக் காட்டிக் கேட்டாள்.

“தாத்தா, அறுபது நிமிஷம்னா அது அடுத்த டிகிரிதானே? இங்க 79 டிகிரி 60 நிமிஷம்னு போட்டிருக்கே?”

பார்த்தேன். 79°60′. 80°00′ என்று இருக்க வேண்டிய இடம். எழுத்துப் பிழையாக இருக்கும், வீட்டில் போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் அடுத்தது கண்ணில் பட்டது. 79°50′-இல் தடித்த நீலக் கோட்டின் அடியில் மறைந்திருக்க வேண்டிய மெல்லிய சாம்பல் கோடு, அதற்கு வலப் பக்கத்தில் தனியாக நின்றது. இரண்டும் ஒரே இடம் அல்லவா? ஒவ்வொரு ஐந்தாவது ஒல்லிக் கோடும் தடிக் கோட்டின் மேல்தானே விழ வேண்டும்? கூடத்திலிருந்த ஸ்கேலை வாங்கி வைத்துப் பார்த்தேன். 3 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கிடைக்கோடுகளில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை, கூர்ந்து பார்த்தால் மட்டும் கோடு கொஞ்சம் தடித்தது போலத் தெரிந்தது.

தீர்க்கத்தில் மட்டும் ஏன் இவ்வளவு? அந்தக் கேள்விதான் என்னைக் காரணத்திடம் கொண்டுபோய் விட்டது.

கியூஜிஐஎஸ் கோடுகளை என் படத்தின் ஓரத்திலிருந்து எண்ணுவதில்லை. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறது. தீர்க்கரேகை என்றால் கிரீன்விச்சிலிருந்து, அட்சரேகை என்றால் பூமத்திய ரேகையிலிருந்து. 79°50′ என்பது கிரீன்விச்சிலிருந்து 4,790-ஆவது நிமிடம். உண்மையான ஒரு நிமிடம் 0.0166666… டிகிரி, முடிவில்லாமல் போகும் எண். நான் கொடுத்தது 0.016667. வித்தியாசம் ஒரு டிகிரியில் பத்துக் கோடியில் முப்பத்து மூன்று பங்கு. ஒரு கோட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. 4,790 கோடு தாண்டி வரும்போது 0.0016 டிகிரி ஆகிவிடுகிறது. கடலூர்க் கடலில் அது 174 மீட்டர், என் படத்தில் 2.3 மி.மீ. கிழக்கே தள்ளல்.

5 நிமிடக் கோட்டில் கதை தலைகீழ். 0.083333 என்பது உண்மையைவிடக் குறைவு. 958 கோடு தாண்டி வரும்போது சுமார் 35 மீட்டர் மேற்கே போய்விடுகிறது, படத்தில் அரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. கூட்டினால் 2.8 மி.மீ. ஸ்கேலில் நான் பார்த்தது அதுதான்.

அட்சரேகையில் நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம். 11°45′ என்பது 705-ஆவது நிமிடம்தான், அதனால் பிழை 26 மீட்டரோடு நின்றுவிட்டது. நம்மை விட வடக்கே இருப்பவர்களுக்கு அட்சத்திலும் இது பெரிதாகும்.

79°60′-ம் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். 0.083333-ஐ 960-ஆல் பெருக்கினால் 80 வருவதில்லை, 79.99968 வருகிறது. முழு எண் பகுதி 79. மீதியை 60-ஆல் பெருக்கினால் 59.98, கிட்டத்து முழு எண் 60. சூத்திரம் சொன்னபடி செய்தது. கோடு 35 மீட்டர் தள்ளி நிற்பதை அந்த எண் நேர்மையாகவே சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் எழுத்துப் பிழை என்று நினைத்தேன். மற்ற எல்லாக் கோடுகளிலும் முழு எண்ணாக்கும் வேலை பிழையை மூடி மறைத்துவிட்டது. 50 என்று எழுதியிருந்த மெல்லிய கோடு உண்மையில் 50.1-இல் நின்றது. அந்தச் சிறுமி கேட்டிருக்காவிட்டால் படம் பல ஆண்டுகள் அப்படியே தொங்கியிருக்கும்.

திருத்தம்

இடைவெளிப் பெட்டியில் 0.016667 என்று தட்டுவதற்குப் பதிலாக 1/60 என்றே தட்டினால் போதும். கியூஜிஐஎஸ்ஸின் எண் பெட்டிகள் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளும். 5 நிமிடத்துக்கு 5/60.

அதோடு நிற்காமல் ஆஃப்செட் என்ற இடத்தில் எக்ஸ்ஸுக்கு 79, ஒய்க்கு 11 என்று கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் எண்ணிக்கை கிரீன்விச்சிலிருந்து தொடங்காமல் 79°-இலிருந்து தொடங்கும். பழைய 0.016667-ஐயே வைத்திருந்தாலும் 79°50′ வரும்போது பிழை 2 மீட்டரைத் தாண்டாது. இரண்டில் ஒன்று போதும்தான். வலை விஷயம் என்பதால் இரண்டையும் செய்தேன்.

சூத்திரத்தையும் மாற்றினேன். முதலில் கோட்டின் மதிப்பை 60-ஆல் பெருக்கி மொத்த நிமிடமாக்கி, அதை முழு எண்ணாக்க வேண்டும். அப்புறம்தான் 60-ஆல் வகுத்து ஈவை டிகிரியாகவும் மீதியை நிமிடமாகவும் பிரிக்க வேண்டும். இந்த வரிசையில் செய்தால் 60 நிமிடம் என்ற ஒன்று பிறக்கவே முடியாது.

சாய்ந்த கோடு

இரண்டாவது படத்தில் இன்னொரு உறுத்தல் இருந்தது. நெடுக்கோடுகள் படத்தின் சட்டத்துக்கு இணையாக இல்லை. அடியிலிருந்து உச்சிக்குப் போவதற்குள் சுமார் 3 மி.மீ. வலது பக்கம் சாய்ந்தன. அச்சுக் கடையில் தாள் நழுவியிருக்கும் என்று கூடத்தில் ஒருவர் சொன்னார். கடை மேல் தவறில்லை. யூடிஎம் 44 மண்டலத்தின் நடுக்கோடு 81°. நாம் அதற்கு மேற்கே ஒரு டிகிரிக்கு மேல் தள்ளி இருப்பதால் இங்கே உண்மை வடக்கும் யூடிஎம் கட்டத்தின் வடக்கும் கால் டிகிரி அளவுக்கு வேறுபடும். 74 செ.மீ. உயரத்தில் அதுதான் 3 மி.மீ.

நில அளவைக்கு யூடிஎம் நல்ல தேர்வு. கடலுக்குப் போகிறவர் திசைகாட்டியை வைத்து ஒரே கோணத்தில் ஓட்டுகிறார். அந்தப் பாதை நேர்க்கோடாக விழுகிற படம் மெர்கேட்டர்தான், கடற்பயணப் படங்கள் காலம் காலமாக அதில் வரையப்படுவதும் அதனால்தான். செட்டிங்ஸில் கஸ்டம் ப்ரொஜெக்ஷன்ஸ் போய், டபிள்யூஜிஎஸ் 84-ஐ அடிப்படையாக வைத்து, அளவு சரியாக இருக்க வேண்டிய அட்சரேகை 11.6, மையத் தீர்க்கரேகை 79.8333 என்று ஒரு மெர்கேட்டர் உருவாக்கினேன். படத்தின் மேல், கீழ் எல்லைகளில்கூட அளவு மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. வெப் மெர்கேட்டரின் 2 சதவீதப் பிரச்சினை இதில் கிடையாது. கோடுகள் சட்டத்தோடு ஒட்டி நிமிர்ந்து நின்றன.

கோட்டின் தடிமன், எண்ணின் அளவு

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட்டேன், செலவிட வேண்டிய இடமும் இதுதான். 5 நிமிடக் கோடு 0.3 மி.மீ. நீலம். 1 நிமிடக் கோடு 0.1 மி.மீ. வெளிர் சாம்பல், பாதி ஊடுருவித் தெரியும்படி. பென்சில் புள்ளி இவற்றின் மேல் தெளிவாகத் தெரிய வேண்டும். நிலத்தின் மேலும் கோடுகளை ஓடவிட்டேன், கரையில் தெரிந்த இடங்களை வைத்துக் கோட்டைச் சரிபார்க்க முடியும் என்பதற்காக.

எண்கள் நான்கு பக்கமும் வேண்டும் என்று கேட்டார்கள். பெரும்பாலான படங்களில் இடது பக்கமும் கீழும் மட்டும் போடுவது வழக்கம், ஆனால் நம் கடல் கிழக்கே. கடல் புள்ளியிலிருந்து விரலை வலப் பக்கம் இழுப்பதுதான் கிட்ட. 5 நிமிடக் கோட்டுக்கு 11°40′ என்று முழுதாக 16 புள்ளி எழுத்தில், நடுக் கோடுகளுக்கு 41, 42 என்று நிமிடம் மட்டும் 9 புள்ளி எழுத்தில். பக்க ஓரத்து எண்களைப் படுக்க வைக்காமல் நேராகவே நிறுத்தினேன்.

எண்ணுக்குப் பின்னால் ‘வ’, ‘கி’ என்று போட்டிருந்தேன். படகுக்காரர் வேண்டாம் என்றார். “ஜிபிஎஸ்ல என்ன இருக்கோ அதே மாதிரி இருந்தாத்தான் கை பழகும். கூட ஒரு எழுத்து இருந்தா யோசிக்கணும்.” அவர் சொன்னதே சரி. வடக்கு, கிழக்கு என்ற சொற்களை ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு முறை மட்டும் எழுதினேன்.

கடைசியாக மூன்றாவது கிரிட் ஒன்று. இது கோடு போடாது, சட்டத்தில் மட்டும் சின்னக் கோடு போடும். கிரிட் வகையில் ஃபிரேம் அண்ட் அனோடேஷன்ஸ் ஒன்லி என்பதைத் தேர்ந்தெடுத்து, இடைவெளி 1/600 கொடுத்தால் 0.1 நிமிடத்துக்கு ஒரு கோடு வரும். 0.1 நிமிடம் என்றால் 184 மீட்டர், படத்தில் 2.5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கண்ணால் அதையும் பாதியாகப் பிரித்துப் படிக்கலாம். அதற்கு மேல் நுணுக்கம் தாளில் இல்லை. அரை மி.மீ. பென்சில் புள்ளியே கடலில் 37 மீட்டர். ஓரத்தில் ஒரு சிறு அட்டவணையும் வைத்தேன்: 6 விநாடி 0.1, 15 விநாடி 0.25, 30 விநாடி 0.5, 45 விநாடி 0.75. இன்காய்ஸ் எண்ணைப் படகு எண்ணாக்க அது போதும்.

பக்க ஓரத்து நிமிடங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு நிமிட அட்சம்தான் ஏறக்குறைய ஒரு கடல் மைல், கடல் மைலின் அளவு 1,852 மீட்டர். விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்பது நம் மாநில விதி. நூல் ஒன்றைப் பக்க ஓரத்தில் ஐந்து நிமிடத்துக்கு அளந்து, கரையில் வைத்துப் பார்த்தால் அந்தத் தூரம் தெரிந்துவிடும். மேல் ஓரத்தில் அளந்தால் தவறாகும், தீர்க்க நிமிடம் சற்றுக் குறுகியது.

ஒரு சின்ன விலகல், மன்னிக்கவும். திருவந்திபுரம் இந்தப் படத்தில் மேற்கு ஓரத்தில் வருகிறது. 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், அடுத்து அளந்த முதல் தீர்க்கரேகை வில்லின் (வடக்கு தெற்காக நிலத்தில் அளந்த நீண்ட கோட்டின்) தென்முனை அந்த ஊர்தான். அவர் நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்கிட்ட அட்சரேகை 11°44′53″-ஐ ஒட்டியது. என் படத்திலும் ஊர் அதே 44-ஆம் நிமிடத்துக்குள் விழுகிறது. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் இதை நினைத்து எனக்கு மயிர்க்கூச்செறியும்.

சோதனையும் அச்சும்

மூன்றாவது படத்தைச் சுவரில் ஒட்டும் முன் சோதித்தேன். கையடக்க ஜிபிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு படகுத் துறையின் கடைசிப் படிக்கட்டில் பத்து நிமிடம் நின்று எண்ணை எழுதினேன். அப்படியே தெற்கே போய்ப் பரங்கிப்பேட்டையில் ஒரு இடம், வடக்கே தேவனாம்பட்டினத்தில் ஒரு இடம். மூன்றையும் கோட்டை மட்டும் பார்த்துப் பென்சிலால் குறித்தேன். மூன்றும் அந்தந்த இடத்தின் மேல் விழுந்தன. இரண்டாவது படத்தில் ஒல்லிக் கோட்டை வைத்துக் குறித்தபோது துறைப் படிக்கட்டு 2 மி.மீ.க்கு மேல் கிழக்கே, தண்ணீரில் விழுந்தது. இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருக்கலாம்.

பழைய டோப்போ ஷீட்டிலிருந்து (நில அளவைத் துறையின் அச்சு வரைபடத்திலிருந்து) எண் எடுத்துச் சோதிக்க வேண்டாம். அவை எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை, ஜிபிஎஸ் காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84. இரண்டின் எண்களும் ஒத்துப்போகாது.

அச்சில் ஒரு தொல்லை. பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துகளைப் பாத், அதாவது கோட்டு வடிவமாக மாற்றச் சொல்லியிருந்ததால் தமிழ் உடையாமல் வந்தது. ஆனால் கடையில் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கிவிட்டார்கள். பக்க ஓரத்தில் 5 நிமிடம் 12.3 செ.மீ. இருக்க வேண்டும், அளந்தால் 11.9. மூன்று சதவீதம் சுருக்கம். கிரிட் கோடுகளுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை, படத்தோடு சேர்ந்தே சுருங்கும். 1:75,000 என்ற எழுத்துதான் பொய்யாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு ஸ்கேல் பட்டையை மட்டும் வைத்து, முழு அளவில் மறுபடி அச்சிட்டோம். அடியில் பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: இது வலை மாட்டும் இடங்களைக் குறிக்கும் படம், ஆழத்தையும் முகத்துவாரத்தையும் இதை நம்பி முடிவு செய்யக் கூடாது.

11 38.400, 79 58.250 முதல் புள்ளியாக விழுந்தது. அடுத்த வாரம் வேறொருவர் தன் நோட்டைக் கொண்டுவந்தார். அவருடைய புள்ளி ஒன்று முதல் புள்ளிக்கு 3 மி.மீ. தெற்கே நின்றது, சுமார் 225 மீட்டர். இருவரும் படத்தின் முன் நின்று வெகுநேரம் பேசினார்கள். எத்தனை பாகம் ஆழம், வலை எந்தப் பக்கம் இழுத்தது, மேலே வந்த கயிற்றில் என்ன ஒட்டியிருந்தது என்றெல்லாம். கடைசியில் இரண்டு புள்ளிகளையும் சுற்றி ஒரே வட்டம் போட்டார்கள்.

இப்போது வடக்கே 12°05′ வரை நீட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், புதுச்சேரிப் பக்கம் போகிற படகுகளுக்காக. இன்னும் 15 நிமிடம், 37 செ.மீ. கூடுதல். ஏ1 தாளில் அடங்காது, ஏ0 எடுக்க வேண்டும். மெர்கேட்டரின் அட்சரேகையை 11.6-இலிருந்து 11.7-க்கு மாற்ற வேண்டும். ஆஃப்செட் 79, 11 அப்படியே இருக்கலாம்.